மருத்துவ இல்லம்: கூட்டுறவாளர் கற்கத்தக்க ஒரு பாடம்

நம் சங்கங்களில் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் தனிப் பக்கம் ஒன்று உண்டு. அவர் செலுத்திய பங்குத் தொகை, பெற்ற கடன், வாங்கிய நூல், ஒப்படைத்த துணி, தவணை தவறிய நாள் ஆகிய யாவும் அப்பக்கத்தில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். காரியதரிசி மாறலாம், கணக்கு மாறுவதில்லை. தணிக்கைக்குச் செல்லும் நாம் அப்பக்கத்தைப் புரட்டிய அளவிலேயே அவ்வங்கத்தினரின் பத்தாண்டு வரலாற்றை அறிந்துகொள்கிறோம். ஆனால், அதே அங்கத்தினரின் உடல்நிலையைப் பற்றிய பேரேடு எங்கே இருக்கிறது? அதனை எழுதிவருபவர் யார்? இவ்வினாவுக்கு உலகின் பல நாடுகளிலும் விடை எளிதில் கிடைப்பதில்லை.

இக்குறையை நீக்கும்பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றிய முறை ஒன்று 'மெடிக்கல் ஹோம்' என வழங்கப்படுகிறது. நாம் அதனை மருத்துவ இல்லம் என்று கூறுவோம். அம்முறையை முன்னின்று சோதித்துப் பார்த்த நிறுவனங்களுள் ஒன்று, உழவரும் தொழிலாளரும் பணம் போட்டுத் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் ஆகும். ஆதலின் அதன் வரலாறு மருத்துவர்க்கே உரியதன்று. நமக்கும் உரிய பாடமாகின்றது. அச்சங்கம் பெற்ற வெற்றியையும், இடையே கொண்ட தவறான வழியையும், முடிவில் அடைந்த மாற்றத்தையும் முறையே காண்போம்.

1. பெயரும் பொருளும்

இல்லம் என்ற சொல்லைக் கேட்டதும் இது முதியோர் தங்கும் விடுதி போன்றதொரு கட்டடம் என்று கருதிவிடலாகாது. ஒரு குடும்பத்தின் உடல்நலப் பொறுப்பை ஒரு மருத்துவரும் அவரைச் சார்ந்த சிறு குழுவினரும் தொடர்ந்து ஏற்று நடத்தும் ஏற்பாட்டுக்கே இப்பெயர். 1967ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இச்சொல்லை எடுத்தாண்டது. நெடுநாள் நோயுடைய குழந்தைகள் பல மருத்துவரிடம் செல்ல நேர்வதால், அவர்களைப் பற்றிய குறிப்புகள் சிதறிப்போகாமல் ஓரிடத்தில் தொகுத்து வைக்கப்படவேண்டும் என்பதே அன்று அதன் பொருளாக இருந்தது. பேரேட்டில் ஒரு பக்கம் வேண்டும் என்ற அளவிலேதான் இக்கருத்துத் தொடங்கிற்று எனலாம்.

பின்னர் ஹவாய்த் தீவுகளில் கால்வின் சியா என்னும் குழந்தை மருத்துவர் இக்கருத்தை வளர்த்துப் பரப்பினார். 1992ஆம் ஆண்டில் குழந்தை மருத்துவர் கழகம் இதனைத் தன் கொள்கை அறிக்கையாக வெளியிட்டது. 2002ஆம் ஆண்டில் அதனை மேலும் விரித்துரைத்தது. 2007ஆம் ஆண்டில் குடும்ப மருத்துவர், குழந்தை மருத்துவர், பொது மருத்துவ வல்லுநர், ஆஸ்டியோபதி மருத்துவர் ஆகியோரின் நான்கு பேரமைப்புகள் ஒன்றுகூடி ஏழு நெறிகளை வகுத்தன. அவையாவன:

முதலாவது, ஒவ்வொருவருக்கும் தமக்கெனத் தொடர்ந்து பொறுப்பேற்கும் மருத்துவர் ஒருவர் இருத்தல். இரண்டாவது, அம்மருத்துவர் ஒரு குழுவை முன்னின்று நடத்துதல். மூன்றாவது, ஒரு நோயை மட்டும் நோக்காது முழு மனிதனையும் நோக்குதல். நான்காவது, பெரிய மருத்துவமனை, சிறப்பு மருத்துவர், வீடு ஆகிய எல்லா இடங்களிலும் பெறும் சிகிச்சையை ஒன்றோடொன்று இணைத்தல். ஐந்தாவது, தரத்தையும் பாதுகாப்பையும் பேணுதல். ஆறாவது, வேண்டியபோது எளிதில் அணுகக்கூடியவராய் இருத்தல். ஏழாவது, இவ்வேலைகளுக்கு ஏற்ப மருத்துவருக்கு ஊதியம் வழங்குதல்.

இவ்வேழனுள் முதல் ஆறும் மருத்துவரின் கடமைகள். ஏழாவது, பணம் கொடுப்போரின் கடமை. இந்த ஏழாவது நெறியை மறந்த இடங்களில் முதல் ஆறும் நிலைப்பதரிது என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. இம்முறை ஏன் வேண்டியதாயிற்று?

முதியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நீரிழிவு உண்டு. இரத்த அழுத்தம் உண்டு. முழங்கால் வலியும் உண்டு. நீரிழிவுக்கு ஒரு வல்லுநர், இதயத்திற்கு ஒரு வல்லுநர், மூட்டுக்கு ஒரு வல்லுநர் என மூவரிடம் செல்கிறார். மூவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்களே. எனினும் முழங்கால் வலிக்காக வாங்கி உண்ணும் ஐபுபுரூபன் போன்ற வலிநீக்கி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை. நீரிழிவால் தளர்ந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடியவை. அழுத்தம் உயர்வதைக் கண்ட இதய வல்லுநர், வலிநீக்கியை அறியாதவராய், வேறொரு மாத்திரையைச் சேர்க்கிறார். ஒவ்வொரு சீட்டும் தனித்தனியே சரியானது. சேர்த்துப் பார்ப்பவர் இல்லாமையே கேடு. பாவும் சரியாக இருந்து, ஊடையும் சரியாக இருந்து, இரண்டும் தறியில் கூடாவிட்டால் துணி எவ்வாறு உண்டாகும்?

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா ஸ்டார்பீல்ட் என்னும் அறிஞர் இதனை நெடுங்காலம் ஆராய்ந்தார். முதல்நிலை மருத்துவத்தின் இயல்புகள் நான்கு என்று அவர் வகுத்துரைத்தார். நோயுற்றவன் முதலில் நாடும் இடமாக இருத்தல் ஒன்று. ஆண்டுதோறும் தொடரும் உறவாக இருத்தல் ஒன்று. பெரும்பாலான தேவைகளை அங்கேயே நிறைவேற்றுதல் ஒன்று. பிறவிடச் சிகிச்சைகளை ஒருங்கிணைத்தல் ஒன்று. இந்நான்கும் வலுவாக உள்ள நாடுகளில் மக்களின் உடல்நலம் மேம்பட்டிருப்பதை அவருடைய ஆராய்ச்சிகள் காட்டின.

அமெரிக்காவில் இவ்வியல்புகள் நலிவுற்றதற்குப் பணம் கொடுக்கும் முறையும் ஒரு காரணம் ஆகும். அங்கே நெடுங்காலமாக வழங்கும் முறை, நோயாளி ஒருமுறை வந்து பார்த்தால் இவ்வளவு, ஒரு சோதனைக்கு இவ்வளவு எனத் தனித்தனியே கட்டணம் பெறுவதாம். இம்முறையில், நோயாளியை வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் விசாரித்து, மருந்தைத் திருத்தி, மருத்துவமனைக்குச் செல்லாதபடி காத்த மருத்துவர் வருவாய் இழக்கிறார். நோய் முற்றும்வரை காத்திருந்து பலமுறை பார்த்தவர் வருவாய் பெறுகிறார். உருப்படிக் கணக்கில் மட்டும் கூலி கொடுத்து, நெருக்கத்தையும் சாயத்தையும் பாராத முதலாளியிடம் எத்தகைய துணி சேரும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

3. சியாட்டில் நகரத்துச் சங்கம்

1929ஆம் ஆண்டில் ஒக்லஹோமா மாநிலத்து எல்க் சிட்டி என்னும் ஊரில் மைக்கேல் ஷடீத் என்ற மருத்துவர், உழவர்களைத் தலா 50 டாலர் பங்கு எடுக்கச் செய்து கூட்டுறவு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1945ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகருக்குச் சென்று உரையாற்றினார். அதைக் கேட்ட உழவர் சங்கத்தினரும், விமானத் தொழிற்சாலைத் தொழிலாளரும், கூட்டுறவுப் பண்டகசாலையினரும் ஒன்றுசேர்ந்தனர். ஏறத்தாழ 400 குடும்பங்கள் தலா 100 டாலர் செலுத்தின. 'குரூப் ஹெல்த் கோவாப்பரேட்டிவ்' என்னும் சங்கம் பதிவாயிற்று. முன்னரே இயங்கிவந்த மருத்துவர் குழு ஒன்றின் மருத்துவ நிலையத்தையும் மருத்துவமனையையும் வாங்கி, 1947 ஜனவரி முதல் நாளன்று அங்கத்தினர்க்குச் சிகிச்சை அளிக்கத் தொடங்கிற்று.

இச்சங்கம் ராச்டேல் நெறிகளைத் தழுவியது. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் வகுத்த அந்நெறிகளே நம் சங்கங்களுக்கும் அடிப்படை என்பதை யாவரும் அறிவோம். சியாட்டில் சங்கத்திலும் அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. அங்கத்தினர் தேர்ந்த நிர்வாக சபை. நிலையான சம்பளம் பெறும் மருத்துவர். குடும்பங்கள் மாதந்தோறும் சந்தா செலுத்தின; நோயுற்றபோது சிகிச்சை பெற்றன. ஆகவே, அங்கத்தினர் நோயின்றி இருப்பதே சங்கத்திற்கு ஆதாயமாயிற்று.

அவ்வட்டாரத்து மருத்துவர் சங்கம் இதனை எதிர்த்தது. கூட்டுறவில் பணிபுரிந்த மருத்துவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது ஒதுக்கி வைத்தது. வழக்கு வாஷிங்டன் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1951ஆம் ஆண்டில் தீர்ப்பு கூட்டுறவுக்குச் சாதகமாயிற்று. இதே சங்கத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் எட்வர்ட் வாக்னர் என்னும் மருத்துவர் 1990களில் நெடுநாள் நோய்களுக்கான சிகிச்சை முறை ஒன்றை வகுத்தார். நோயாளிகளின் பதிவேடு வைத்தல், நோய் முற்றுமுன் திட்டமிட்டு அழைத்துப் பார்த்தல், தம்மைத் தாமே பேணிக்கொள்ள நோயாளிக்குக் கற்பித்தல் ஆகியவை அதன் கூறுகள். மருத்துவ இல்லத்திற்கு இம்முறையும் அடிப்படைகளுள் ஒன்றாக அமைந்தது.

4. விரைவினால் நேர்ந்த இடர்

இத்தகைய சங்கமும் வழுவாமல் இருக்கவில்லை. 2002ஆம் ஆண்டு முதல் அது சில சீர்திருத்தங்களை மேற்கொண்டது. அங்கத்தினர் கேட்ட நாளிலேயே மருத்துவரைக் காணலாம்; சிறப்பு வல்லுநரிடம் நேரே செல்லலாம்; கணினி வழியே மருத்துவருக்குச் செய்தி எழுதலாம்; மருத்துவரின் ஊதியத்தில் ஒரு பகுதி அவர் பார்த்த வேலையின் அளவைப் பொறுத்தது. இவை யாவும் கேட்பதற்கு இனியவை. அங்கத்தினர் பலர் மகிழ்ந்தனர்.

ஆயினும் மருத்துவர் ஒருவரின் பொறுப்பில் இருந்தோர் தொகை குறைக்கப்படவில்லை. ஒருவருக்கு ஏறத்தாழ 2,300 பேர் என்ற நிலை இருந்தது. நேரில் வருவோரையும் பார்த்து, கணினிச் செய்திகளுக்கும் விடை எழுதவேண்டியிருந்த மருத்துவர்கள் களைத்துப்போயினர். முதல்நிலை மருத்துவத்தில் நேரமில்லாதபோது நோயாளிகள் சிறப்பு வல்லுநரிடமும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் செல்வது பெருகிற்று. வாசலை அகலத் திறந்துவிட்டு, உள்ளே பரிமாறுவோரைக் கூட்டாத பந்தி போலாயிற்று நிலைமை.

5. பாக்டோரியா நிலையத்தில் நிகழ்ந்த சோதனை

இதனை உணர்ந்த சங்கத்தார், சியாட்டிலுக்கு அருகில் பெல்வியூ நகரத்தின் பாக்டோரியா பகுதியில் இருந்த தம் நிலையத்தில் 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினர். அந்நிலையத்தைச் சார்ந்தோர் ஏறத்தாழ 9,200 பேர். அங்கே செய்யப்பட்ட முதல் மாற்றம் புதுக் கருவி வாங்கியதன்று. ஒரு மருத்துவருக்குரிய அங்கத்தினர் தொகையை 2,300இலிருந்து 1,800 ஆகக் குறைத்ததே. ஒருவரைப் பார்க்கும் நேரம் 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாக உயர்த்தப்பட்டது. தொலைபேசியிலும் கணினியிலும் விடையளிப்பதற்கென்று தனி நேரம் ஒதுக்கப்பட்டது. செவிலியர், மருத்துவ உதவியாளர், மருந்தாளர் ஆகியோர் தொகை கூட்டப்பட்டது.

குழுவினர் நாள்தோறும் சிறிது நேரம் கூடிப் பேசினர். வரவிருக்கும் நோயாளியின் குறிப்பை முன்னதாகவே படித்து, எந்தச் சோதனை பாக்கி, எந்தத் தடுப்பூசி பாக்கி என்று கண்டனர். மருத்துவமனையிலிருந்தோ அவசரப் பிரிவிலிருந்தோ வீடு திரும்பியவரைத் தாங்களே அழைத்து விசாரித்தனர். மருந்து பல உண்போரின் பட்டியலை மருந்தாளர் சரிபார்த்தார். மேலே நாம் கூறிய முதியவரின் வலிநீக்கி மாத்திரை இத்தகைய குழுவின் கண்ணில்தான் அகப்படும்.

பயன் யாது? இரண்டாண்டுகளின் கணக்கைச் சங்கத்தின் ஆராய்ச்சியாளர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மற்ற நிலையங்களோடு ஒப்பிடுகையில் அவசரப் பிரிவுக்குச் செல்வது 29 விழுக்காடு குறைந்தது. மருத்துவமனையில் சேர்வது 6 விழுக்காடு குறைந்தது. செலவில், ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 10 டாலர் மீதமாயிற்று என்று மதிப்பிட்டனர். முதலாண்டின் முடிவில் மிகுந்த மனச்சோர்வு உற்றதாகக் கூறிய பணியாளர் இந்நிலையத்தில் 10 விழுக்காட்டினர். ஒப்பிட்ட பிற நிலையங்களில் 30 விழுக்காட்டினர். மருத்துவர் மிகுதியும், செவிலியர் மிகுதியும் வைத்ததனால் முதலில் செலவு கூடிற்று. அச்செலவு பின்னர் மருத்துவமனைக் கணக்கில் திரும்பி வந்தது. 2010ஆம் ஆண்டளவில் சங்கத்தின் 26 நிலையங்களுக்கும் இம்முறை விரிவுபடுத்தப்பட்டது.

ஒரே சங்கம், ஒரே அங்கத்தினர், ஒரே வகை மருத்துவர். 2002இல் விரைவைக் கேட்டது, இடருற்றது. 2006இல் நேரத்தைக் கொடுத்தது, பயன் பெற்றது. இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்பும் பொருள் இதுவே.

6. சான்றிதழ் போதுமா?

2008ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் தரச் சான்று வழங்கும் தேசியக் குழு ஒன்று, குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றும் மருத்துவ நிலையங்களுக்கு மருத்துவ இல்லம் என்னும் அங்கீகாரத்தை அளித்து வருகிறது. பல்லாயிரம் மருத்துவர் அதனைப் பெற்றனர். அங்கீகாரம் பெற்றாலே பயன் விளையுமா?

பென்சில்வேனியா மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியில் 2008 முதல் 2011 வரை 32 நிலையங்களில் இம்முறை சோதிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2014ஆம் ஆண்டில் வெளியாயின. ஆராய்ந்த 11 தர அளவைகளுள் ஒன்றில் மட்டுமே முன்னேற்றம் காணப்பட்டது. மருத்துவமனைச் சேர்க்கையும் செலவும் குறையவில்லை. அங்கு ஊக்கத்தொகை அங்கீகாரத்தைச் சார்ந்ததாக இருந்தமையால் நிலையங்கள் சான்றிதழ் பெறுவதில் முனைந்தன. அதே மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியிலோ, நோயாளிகள் எப்போது மருத்துவமனைக்குச் சென்றனர் என்ற செய்தி மருத்துவர்க்கு உடனுக்குடன் தரப்பட்டது. செலவு குறைந்தால் அம்மீதத்தில் பங்கும் உண்டு என்று உறுதி கூறப்பட்டது. 2015ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவுகளில் தரமும் உயர்ந்தது. மருத்துவமனைச் சேர்க்கையும் அவசரப் பிரிவுக்குச் செல்வதும் குறைந்தன.

தணிக்கைத் தொழிலில் இருக்கும் நமக்கு இது வியப்பாகத் தோன்றுவதில்லை. பதிவேடுகள் யாவும் ஒழுங்காக இருந்தும் அங்கத்தினர்க்குப் பயனில்லாத சங்கங்கள் உண்டு. ஏட்டில் உள்ளது வேறு, நடப்பது வேறு ஆகாதபடி காப்பதே மேற்பார்வையின் நோக்கம். பெயர்ப்பலகை மாட்டுவது ஒரு நாள் வேலை; உறவை வளர்ப்பது ஆண்டுக்கணக்கான வேலை.

7. சங்கம் கைமாறியது

சியாட்டில் சங்கத்தின் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. காலப்போக்கில் அதன் மூலம் காப்பீடு பெற்றோர் ஏறத்தாழ 6 லட்சம் ஆயினர். ஆனால் அவர்கள் அனைவரும் வாக்குரிமை உடையவர் அல்லர். தம் பெயரை அதற்கெனத் தனியாகப் பதிவு செய்துகொண்டோரே வாக்களிக்கலாம். அவ்வாறு செய்துகொண்டோர் சிறு பகுதியினரே. சிகிச்சை பெறுவோர் பெருகினர். சங்கத்தை நடத்துவோர் பெருகவில்லை.

பெரிய நிறுவனங்களுடன் போட்டி கடுமையாயிற்று. 2016ஆம் ஆண்டில், கைசர் பர்மனென்ட்டே என்னும் பெரும் மருத்துவ நிறுவனத்துடன் சேர்ந்துவிடலாம் என்ற தீர்மானம் அங்கத்தினர் முன் வைக்கப்பட்டது. வாக்களித்தோருள் பெரும்பான்மையினர் அதனை ஏற்றனர். 2017 பிப்ரவரியில் அந்த ஏற்பாடு நிறைவேறிற்று. விலையாகக் கிடைத்த ஏறத்தாழ 180 கோடி டாலர், மக்கள் நலத்திற்கான அறநிறுவனம் ஒன்றுக்குச் சென்றது. மருத்துவர்களும் நிலையங்களும் மறைந்துவிடவில்லை, சிகிச்சை தொடர்கின்றது. ஆனால் எழுபதாண்டுக் காலம் நிலவிய 'ஒருவருக்கு ஒரு வாக்கு' அங்கே இன்று இல்லை. ஒரு மருத்துவருக்கு 1,800 பேரா, 2,300 பேரா என்று நிர்ணயிக்கும் சபையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்கத்தினர் கையில் இல்லை.

இது நன்றா தீதா என்பதில் அங்கேயும் கருத்து வேறுபாடு உண்டு. தனித்து நின்று நலிவதைவிடப் பெரியதொன்றோடு சேர்ந்து வாழ்வது மேல் என்று வாக்களித்தோர் கருதியிருக்கலாம். நாம் கொள்ளத்தக்கது இவ்வளவே: பயன் பெறுவதோடு நின்று, மகாசபைக்கு வாராத அங்கத்தினர் பெருகினால், ஒரு நாள் சங்கத்தின் முடிவைச் சிலரே எழுத நேரும்.

8. தொகுப்புரை

மருத்துவ இல்லம் என்பது மூன்று பொருள்களால் ஆனது. அறிந்த மருத்துவர் ஒருவர், அவரைச் சூழ்ந்த குழு, ஒன்றாக வைக்கப்பட்ட குறிப்பு. இம்மூன்றுக்கும் உயிராக இருப்பது நேரம். நேரத்தை மருத்துவர் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாது. எத்தனை பேருக்கு ஒரு மருத்துவர், எதற்கு ஊதியம் என்பவற்றை முடிவு செய்வோர்தாம் அதனை அளிக்க இயலும். ஆகவே நல்ல மருத்துவத்தைப் பற்றிய கேள்வியில் பாதி, நல்ல நிர்வாகத்தைப் பற்றிய கேள்வியே ஆகும்.

அத்தகைய ஏற்பாடு அமைந்திராத இடத்திலும், அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. தாம் உண்ணும் மாத்திரைகள் யாவற்றையும், கடையில் தாமாக வாங்கியவை உட்பட, ஒரே தாளில் எழுதி வைத்து, எந்த மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலில் காட்டுவதாம். கடன் புத்தகத்தைப் பத்திரமாக வைக்கும் நாம் இதனையும் அதனோடு வைத்தல் நலம்.

படிப்பு வட்டங்களில் விவாதித்தற்குரிய வினாக்கள்:

(1) 2002ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் அங்கத்தினர் விரும்பியவையாக இருந்தும் இடர் விளைந்தது ஏன்?

(2) அங்கத்தினர் தொகையை 1,800 ஆகக் குறைக்கும் தீர்மானம் நம் மகாசபையின் முன் வந்தால், முதலாண்டில் கூடும் செலவை எவ்வாறு விளக்குவோம்?

(3) அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற நிலையம் ஒன்று உண்மையில் நன்கு நடக்கிறதா என்பதை எந்த மூன்று கணக்குகளைக் கொண்டு அறியலாம்?

(4) நம் சங்கத்தில் சென்ற மகாசபைக்கு வந்த அங்கத்தினர் எத்தனை பேர்? வாராதோர் எத்தனை பேர்?

நான்காவது வினாவுக்குரிய விடை காரியதரிசியிடம் உள்ள வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதனைப் பார்த்துவிட்டு, மற்ற மூன்றனையும் விவாதிக்கத் தொடங்குவது நன்று.